குத்துக்கல் புஞ்சையில் ஒரு கிணறு

1

போன வாரம் எங்கள் தோட்டத்தில் புதுச் சாலைக்கு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்க்கும் இந்த ரப்பர் தோட்டம் மலாயாவில், மலாக்காவிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனவர்கள் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் நின்றுவிட்டார்கள். அங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு மேலான கற்கள் சில செங்குத்தாக நிற்கின்றன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் மலாய்க்காரர்கள் அவற்றை ‘பத்து ஹீடுப்’ என்கிறார்கள். உயிருள்ள கல் என்று அர்த்தம். வருஷத்துக்கு வருஷம் அவை வளர்வதாக அவர்கள் நம்புகிறார்கள்.

கம்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து, கல்லைத் தொட வேண்டாம் என்று துரையிடம் கேட்டுக்கொண்டார். துரை படத்தை விரித்துப் பார்த்தார். பென்சிலால் சாலையைக் கொஞ்சம் வளைத்தார். அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

எனக்கு மட்டும் அன்று வேலை ஓடவில்லை. ஆள் பேர் பதியும்போது ஒரே பேரை இரண்டு தடவை எழுதினேன். ஆபீசிலிருந்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கும், லயத்திலிருந்து ஆற்றங்கரைக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். இங்கே ஒரு பென்சில் கோட்டில் முடிந்த காரியம் எங்கள் ஊரில் என் அண்ணனையும் மதினியையும் என்னையும் என்ன பாடு படுத்திவிட்டது! ஊருக்குப் போய்த் திரும்பி வந்து இந்த மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. எழுதிப் பார்த்தாலாவது மனசு ஓரிடத்தில் உட்காருமா என்று பார்க்கிறேன்.

2

என் மனைவி கோமதி மலேரியாவில் இறந்தாள். தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில்தான் எரித்தோம். சாம்பலையும் அந்த ஆற்றிலேயே விட்டோம். அது எந்தக் கடலில் போய்ச் சேர்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அதன்பிறகு வீட்டில் நானும் மகள் செண்பகமும் மட்டும்தான்.

செண்பகத்துக்கு அப்போது பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தாள். கம்பத்துப் பெண்களோடு மலாய் பேசினாள். பேசும்போது எந்தச் சொல் எந்த மொழி என்று அவளுக்கு வித்தியாசம் தெரியாது. தாயில்லாப் பிள்ளையை அங்கே வைத்துக்கொண்டு என்ன செய்வாய், ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு வா என்று அண்ணன் எழுதிக்கொண்டே இருந்தார். துரை நாலு மாச விடுப்புக் கொடுத்தார். கப்பலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ரயில் மாறி மாறித் தென்காசி போய்ச் சேர்ந்தோம்.

போய் இறங்கிய அன்றைக்கே ஒரு வேடிக்கை நடந்தது. செண்பகம் பெட்டியை வைத்துவிட்டு, “பெரியப்பா, நான் மண்டி போயிட்டு வர்றேன்” என்றாள். மலாயில் ‘மண்டி’ என்றால் குளிப்பது. அண்ணனுக்குத் தெரிந்த மண்டி கடைத்தெருவில் இருக்கிற மிளகாய் மண்டிதான். வயசுப் பெண் வந்த கையோடு மண்டிக்கு எதற்குப் போகிறாள் என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் மதினி ஆவுடையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். அவர்களுக்கு ஒரே ஒரு மகன் பிறந்து, மூன்று வயதில் அம்மை போட்டு இறந்துபோனான். அதன்பிறகு பிள்ளை இல்லை.

3

ஊருக்குப் போனால் நிம்மதியாக இருக்கலாம் என்று கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டு போனேன். போன ஒரு வாரத்திலேயே இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் தோட்டத்து மணி அடிக்கவில்லையே என்று காது தேடியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எப்போது திரும்பிப் போகிறாய்? வந்தவனை உட்கார விடாமல் அனுப்பி வைப்பதிலேயே குறியாக இருக்கிறார்களோ என்று தோன்றும். அவர்கள் கேட்டது மரியாதைக்குத்தான் என்பதும் தெரியும்.

வீட்டில் இருக்க முடியாமல் கல் பார்க்கப் போகத் தொடங்கினேன். தோட்டத்துக் கற்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டதைக் குத்துக்கல் என்போம். குத்துக்கல்லின் பேரிலேயே ஒரு வலசைக் கிராமம் தென்காசியை ஒட்டி இருக்கிறது. இலஞ்சி வரைக்கும் நடப்பேன், வயல்வெளியில் தனியாக நிற்கிற கல் எதுவானாலும் கிட்டே போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஊரில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று மதினி சொல்லித் தெரிந்துகொண்டேன். கடல் தாண்டிப் போனவனுக்கு மூளை கொஞ்சம் இளகிவிட்டது என்று பேச்சாம்.

ஒருநாள் அண்ணனே என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். பங்குனி மாசம். அருவியில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கடைகளெல்லாம் ஓலைத் தட்டியால் மூடிக் கிடந்தன. தீனி கொடுக்க ஆளில்லாமல் குரங்குகள் படியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. சீசனில் மட்டுமே குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரை அடையாளம் தெரியாது. அண்ணன் பாதையை விட்டு விலகி, ஈச்சம்புதர்களுக்குள் நுழைந்து மேலே ஏறினார். பின்னால் நானும் செண்பகமும் மூச்சு வாங்க ஏறினோம்.

ஓரிடத்தில் பாறை கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் காவி நிறத்தில் படங்கள். கொம்பு நீண்ட ஒரு மாடு. அதன் முன்னால் வரிசையாக மனிதர்கள், ஒவ்வொருவரும் விரல் நீளம்தான் இருப்பார்கள். ஓரத்தில் யாரோ உள்ளங்கையைப் பதித்திருந்தார்கள். செண்பகம் தொடாமல், தன் கையை அதற்கு நேராக நீட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

“இத யாருண்ணே வரஞ்சிருப்பா?” என்று கேட்டேன்.

“யாரோ ஒன்ன மாதி வீட்ல இருப்புக் கொள்ளாதவன்தான்” என்றார் அண்ணன்.

மூவரும் சிரித்தோம். மாடு மேய்த்த காலத்தில் அவர் கண்டுபிடித்த இடமாம் அது. யாரிடமும் சொன்னதில்லையாம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புஞ்சையில் கிணறு வெட்டப்போவதாக அண்ணன் அங்கேதான் சொன்னார்.

4

எங்கள் புஞ்சை கடையம் போகிற சாலையில், தென்காசியிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா காலத்துப் பூமி. எனக்கும் அண்ணனுக்கும் பொது. அதன் நடுவில் ஒரு குத்துக்கல் நிற்கிறது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக, மேலே சாய்வாகக் கூம்பியிருக்கும். மாடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து இடுப்பளவுக்குப் பளபளவென்று ஆகியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற கல். வெளிநாட்டில் இருக்கும்போது ஊர் என்று கண்ணை மூடினால் முதலில் வருவது அதுதான்.

தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்தது. மிளகாய் நாற்றுக்கு மதினிதான் வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. நீரோட்டம் பார்க்கிறவர் வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு புஞ்சையைச் சுற்றி நடந்து, கடைசியில் குத்துக்கல் பக்கத்தில் வந்து நின்றாராம். அங்கே வெட்டினால் கல்லைச் சாய்த்து உடைத்தாக வேண்டும். உடைத்த கல் கிணற்றுக்கட்டுக்கு ஆகும் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார்.

கல்லை உடைக்க வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று நான் பலதடவை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது மாதிரிப் பழைய கற்களைச் சர்க்கார் காப்பாற்றும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான் தாலுகா கச்சேரிக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா பொறுமையாகத்தான் பேசினார். பட்டா நிலத்தில் இருக்கிற கல்லுக்கு யாதாஸ்து என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், மேலே அனுப்புவோம், ஆனால் கூட்டுப் பட்டா என்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பிறகு பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, வசிக்கிற ஊர் எது என்று கேட்டார். தென்காசி என்று வாயில் வந்தது. சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டு அவர் மறுபடியும் கேட்டார். மலாயா என்றேன். அப்படியானால் உங்கள் அண்ணாச்சியை வரச் சொல்லுங்கள் என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“கச்சேரிக்குப் போனியாமே.”

விவரம் கேட்கத்தான் போனேன் என்று சொன்னேன்.

“என்னக் கேட்டிருக்கலாம்லா” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “ஒனக்குக் கல்லு வேணும். எனக்குத் தண்ணி வேணும். நீ ரெண்டு மாசத்துல கப்பலேறிருவ. இந்தக் காஞ்ச மண்ணுல கெடந்து மல்லுக்கட்டுதது நானும் அவளும்லா.”

அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனாலும் கல்லை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். சாப்பிட உட்கார்ந்தால் அவர் மதினியிடம் சொல்வார், மதினி என்னிடம் சொல்வார்.

5

சித்திரை பிறந்ததும் வேலை தொடங்கியது. கல்லைக் கடைசியில் சாய்த்துக்கொள்ளலாம் என்று அதன் நிழல் விழுகிற பக்கமாகப் பள்ளம் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் போனபோது கடப்பாரை எதிலோ பட்டு, மண்ணில் படுகிற சத்தமாக இல்லாமல் உள்ளே காலியான சத்தம் கேட்டது. கையால் மண்ணை ஒதுக்கினால் பெரிய பானையின் விளிம்பு. விரல் தடிமன். முதுமக்கள் தாழி.

முதல் தாழி உடைந்தே போனது. உள்ளே மண்ணும் எலும்பும் துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டும் சின்னக் கிண்ணங்களும் இருந்தன. கிண்ணம் வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. துடைத்ததும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. வெட்டுகிறவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டார்கள். ஒரு சேவலை அறுத்துப் பூசை போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று அண்ணன் அவர்களைச் சமாதானப்படுத்தினார். மண்சரிவில் அதற்குள் இன்னொரு விளிம்பு வெளியே தெரிந்தது. இது சின்னத் தாழி.

மதினியும் செண்பகமும் அந்த நேரத்தில்தான் கஞ்சிக் கலயத்தோடு வந்தார்கள். மதினி பள்ளத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். சின்னத் தாழியின் வாயை மூடியிருந்த தட்டு ஏற்கெனவே உள்ளே விழுந்திருந்தது. மெல்லிய எலும்புகள். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற அளவு.

“இது சின்னப் பிள்ளைல்லா” என்றார் மதினி.

கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, தோண்டிப் போட்ட மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகனைப் புதைத்ததும் அந்தப் புஞ்சையில்தான், மேற்கு ஓரத்து வேப்பமரத்தடியில். அண்ணன் ஆட்களைப் பார்த்து, இன்றைக்குப் போதும் என்றார்.

சாயங்காலம் வீட்டில் மதினி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, “கெணத்தத் தள்ளி வெட்டுங்க” என்றார்.

நீரோட்டம் அங்கேதான் இருக்கிறதென்று சொல்லியிருக்கிறானே என்றார் அண்ணன்.

“சொல்லட்டும். எவளோ ஒருத்தி பெத்த பிள்ளைய அங்கன வச்சிட்டுப் போயிருக்கா. அதத் தோண்டிப் போட்டுட்டு நான் தண்ணி எறைக்க மாட்டேன்.”

“நாளெல்லாம் கொடம் தூக்குதது நீதாம்ளா.”

“நாந்தான். அதான் சொல்லுதேன்.”

அண்ணன் கடைசியில் சரி என்று தலையாட்டினார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், கல் பிழைத்ததே என்று. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மதினி என் பக்கம் திரும்பினார்.

“கொழுந்தனாரே, தள்ளி வெட்டுனா பாறைதான் வரும். கல்லு நிக்கணும்னா வெறும்ன பாத்துக்கிட்டு நின்னாப் போதாது. நீங்களும் எறங்கி வெட்டணும்.”

வெட்டுகிறேன் என்றேன்.

மறுநாள் பள்ளத்தை மூடும்போது, கிண்ணங்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாமா என்று எனக்கு ஆசையாக இருந்தது. மேசைமேல் வைத்துக்கொண்டால் தோட்டத்தில் நாலு பேருக்குக் காட்டலாம். கையில் எடுத்துவிட்டேன். செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வச்சிருங்கப்பா” என்றாள். “அம்மாவுக்கு நாம ஒண்ணும் வைக்கல. இவங்களுக்கு வச்சதையாவது எடுக்க வேணாம்.”

தாய் இறந்தபின் செண்பகம் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்து மண்ணைத் தள்ளினோம்.

6

மதினி சொன்னபடியே கிழக்கு மூலையில் பாறைதான் வந்தது. வெடி வைக்கிறவரை வரவழைத்தார்கள். அவர் வைத்து உடைத்துப் போட்டதை நானும் அண்ணனும் ஆட்களோடு சேர்ந்து வாரிக் கொட்டினோம். பேனா பிடித்த என் கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, மறுபடியும் கிளம்பியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை. சாயங்காலம் படுத்தால் கட்டை மாதிரித் தூங்கினேன்.

பள்ளத்துக்குள் அண்ணன் பேசுவதெல்லாம் ‘தள்ளு’, ‘பிடி’, ‘ஒதுங்கு’ மட்டும்தான். ஒருநாள் சம்மட்டி பட்டுத் தெறித்த சில்லு என் புருவத்தைக் கிழித்தது. அண்ணன் தன் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

“ஒனக்கு இது ஆவாதுலே” என்றார். “போ, மேல ஏறி நெழல்ல இரி.”

நான் ஏறவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, மீன் எப்படி இருக்கிறது என்று என்னிடம் நேராகக் கேட்டார்.

தண்ணீர் மட்டும் வரவில்லை. பாறைக்கடியில் பாறை. நான் கப்பலேற வேண்டிய நாள் வந்தது. துணிமணியை எடுத்து வை என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் அசையவில்லை.

“நான் வரலப்பா. பெரியம்மா ஒத்தையில கொடம் தூக்குதாக.”

அவள் சொன்னதைவிட, எங்கள் ஊர்ப் பேச்சில் ‘தூக்குதாக’ என்று சொன்னதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அவள் மண்டி போவதை எப்போது நிறுத்தினாள், குளிக்கப் போவதாக எப்போது சொல்லத் தொடங்கினாள் என்று நான் கவனிக்கவே இல்லை. தோட்டத்தில் அவள் மலாய்க்காரியாக ஆகிவிடுவாளோ என்று வருஷக்கணக்கில் பயந்துகொண்டிருந்தவன் நான். இப்போது என் சொந்த ஊரே அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. கோபம் வந்தது. மதினியிடம் போய், நீங்கள்தான் இருக்கச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “நான் இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஒங்க பிள்ள. கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போங்க” என்றார். புடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கல்லும் நெல்லும் பிரியாமல் அப்படியே முறத்தில் கிடந்ததைப் பார்த்தேன்.

தனியாகத்தான் ரயிலேறினேன்.

7

பினாங்கில் இறங்கியதும் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். அங்கே இருந்த அதிகாரி என் காகிதத்தைப் புரட்டிவிட்டு, போகும்போது கூட ஒரு பெண் போயிருக்கிறாளே, அவள் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறாள் என்றேன். எந்த வீட்டில், இங்கேயா அங்கேயா என்றார். அங்கே என்றேன். அவர் அவள் பேரின்மேல் ஒரு கோடு போட்டார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. முந்தாநாள் மீரான் அண்ணாச்சி தோட்டத்துக்கு வந்தார். தென்காசிக்கும் மலாக்காவுக்குமாகக் கைலி வியாபாரம் செய்கிறவர். போகும்போதும் வரும்போதும் இரண்டு பக்கத்துச் செய்தியும் கொண்டுவருவார். மூட்டையை இறக்கி வைக்கும் முன்பே, கிணறு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“தண்ணி ஊறிட்டு” என்றார். “ஒங்க அண்ணாச்சி விடாம வெட்டுனாருல்லா. கொஞ்சம் உப்புக் கரிக்கத்தான் செய்யுது. மொளகாக்கு அது போதும். குடிக்க இன்னும் வாய்க்காலுக்குத்தான் போறாக.”

குத்துக்கல் நிற்கிறதா என்று கேட்டேன். நிற்காமல் எங்கே போகும் என்றார். வேப்பங்குச்சிக்காரர் காட்டிய இடத்தில் வெட்டியிருந்தால் நல்ல தண்ணீர் வந்திருக்குமோ என்று எனக்குள் ஒரு கேள்வி. அண்ணனுக்கும் அது இருக்கும். அவர் கேட்டதில்லை, நானும் எழுதியதில்லை. வாய்க்காலுக்கு இப்போது நாலு குடம் போகிறது. அதில் இரண்டு என் மகளுடையது.

செண்பகம் எப்படி இருக்கிறாள் என்று கடைசியாகக் கேட்டேன். நன்றாகக் கறுத்து, நன்றாகச் சண்டை போடுகிறாள் என்று அண்ணாச்சி சிரித்தார். பிறகு நினைவு வந்தவராக, “அந்தப் பிள்ள ஒரு வெவரம் கேட்டு வரச் சொல்லிச்சு” என்றார். “அப்பா வந்தா எத்தன நாளு இருப்பாகன்னு கேக்கணுமாம். கொஞ்ச நாளுன்னா பாயே போதுமாம். ரொம்ப நாளு இருக்கதுன்னா கயித்துக் கட்டில் ஒண்ணு பின்னிப் போடணுமாம். நான் அடுத்த வாரம் கப்பலேறுதேன். என்னன்னு சொல்லட்டும்?”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ரப்பர்ப் பால் வாளிகளை எடுத்துக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

கட்டில் பின்னச் சொல்லுங்கள் என்றேன்.

அண்ணாச்சி தலையாட்டிவிட்டு மூட்டையை அவிழ்த்தார். துரையிடம் நான் இன்னும் பேசவில்லை.